அட்டையும் தங்கமும் அகதியும்

பாக் விரிகுடாவின் அடிமணலில் கடல் அட்டை ஊர்ந்து திரிகிறது. மணலைத் தின்று, அதிலிருக்கும் மக்கை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியைச் சுத்தமாக வெளியே தள்ளும் உயிர் அது. நம் கரையில் யாரும் அதைச் சமைப்பதில்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாக மூழ்கி எடுத்து விற்றிருக்கிறார்கள். அதைப் பக்குவம் செய்வது பெரிய வேலை. வயிற்றுப்புறத்தில் சிறியதாக ஒரு கீறல் போட்டுக் குடலை எடுத்துவிட்டு அண்டாவில் வேகவைப்பார்கள். பிறகு ஈர மணலில் குழி பறித்துப் புதைப்பார்கள். மேல்தோலில் படிந்திருக்கும் சுண்ணாம்பு இளகியதும் தோண்டி எடுத்து, தேய்த்துக் கழுவி, இன்னொரு கொதி விட்டு வெயிலில் பரப்புவார்கள். உயிரோடு இருந்தபோது கைக்கு அடங்காத அட்டை, காய்ந்தபின் கறுத்த சிறு துண்டாகிவிடும். அந்தத் துண்டுதான் சிங்கப்பூர், ஹாங்காங் வழியாகச் சீன விருந்துகளுக்கு விலையுயர்ந்த உணவாகப் போகிறது.

2001இல் இந்திய அரசு கடல் அட்டையை வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. புலிக்கு உள்ள காவல் அன்றிலிருந்து அட்டைக்கும் கிடைத்தது. எதிர்க்கரையான மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் உரிமம் எடுத்துக்கொண்டு அதே அட்டையைப் பிடிக்கலாம், பண்ணை வைத்து வளர்க்கலாம், ஏற்றுமதி செய்யலாம். நடுவில் இருப்பது சில மணி நேரப் படகுப் பயணம். ஆகவே ராமநாதபுரம், தூத்துக்குடிக் கரைகளிலிருந்து அட்டை மூட்டைகள் இரவில் கிளம்புகின்றன. வழியில் பிடிபட்டால் வழக்கு, சிறை. பிடிபடாமல் கரையேறி, அங்கே பிடித்த அட்டைகளோடு கலந்துவிட்டால் ஏற்றுமதிச் சரக்கு.

அளவுமீறி அள்ளினால் இந்த உயிர் அழிந்துபோகும் என்ற கவலை நியாயமானது. கடலடி மணல் உயிர்ப்போடு இருக்க அட்டை வேண்டும். என் மனத்தை அறுப்பது வேறொன்று. கைதாகிறவர் எப்போதும் மூழ்கி எடுத்தவராகவோ மூட்டை சுமந்தவராகவோ அவித்துக் காயப்போட்டவராகவோதான் இருக்கிறார். தொலைவிலிருந்து கொள்முதல் செய்கிறவரை எந்தக் காவல் நிலையமும் தேடிப் போவதில்லை. முழுத் தடைக்குப் பதிலாகப் பருவமும் அளவும் வைத்து அனுமதியுங்கள் என்று மீனவர்கள் நெடுங்காலமாகக் கேட்டுவருகிறார்கள்.

மஞ்சளின் கதை இன்னும் எளிது. 2019 டிசம்பரில் இலங்கை அரசு, உள்நாட்டு விவசாயிகளைக் காப்பதற்கென்று மஞ்சள் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. அடுத்த சில மாதங்களில் கொரோனா வந்தது. வீட்டுக்கு வீடு மஞ்சள் தேவைப்பட்டது. உள்நாட்டு விளைச்சல் அந்தத் தேவையின் பக்கத்திலும் வரவில்லை. ஒரு கிலோ மஞ்சள் பல ஆயிரம் இலங்கை ரூபாய்க்கு ஏறியது. நம் மளிகைக் கடைகளில் சாக்கில் திறந்து கிடக்கும் மஞ்சள், தாழையிலும் தென்னந்தோப்பிலும் ஒளித்துவைக்கும் பொருளாக மாறிவிட்டது. பீடி இலை அதற்கு வெகு காலம் முன்பிருந்தே புத்தளம், கற்பிட்டிப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது. அங்கே பீடி சுற்றும் கைகள் உண்டு, இலை கிடையாது, இறக்குமதி வரியோ மிக அதிகம். இந்தக் கடலில் எது எப்போது கள்ளச்சரக்காகும் என்பதைக் கொழும்பிலும் டில்லியிலும் கையெழுத்தாகும் அறிவிக்கைகள் தீர்மானிக்கின்றன.

தங்கத்தில் இதைத் தேதி போட்டுக் காட்ட முடியும். சீனப் போருக்குப் பிறகு, 1963 ஜனவரியில், மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாட்டு விதிகளைக் கொண்டுவந்தார். 14 காரட்டுக்கு மேற்பட்ட தங்கத்தில் நகை செய்யக் கூடாது என்றன அவை. தாலிக்குக் கூட அதுதான் விதி. பொற்கொல்லர் குடும்பங்கள் ஊர் ஊராகத் தொழிலை இழந்தன. 1968இல் தங்கக் கட்டுப்பாடு முழுச் சட்டமானது. ஆனால் மக்கள் தங்கம் வாங்குவதை நிறுத்தவில்லை. வாங்கும் வழிதான் மாறியது. பம்பாயிலும் சோழமண்டலக் கரையிலும் கடத்தல் பெரும் தொழிலாக வளர்ந்தது அந்த ஆண்டுகளில்தான். ராமநாதபுரம் மாவட்டத்துப் பனைக்குளத்தில் பிறந்து, பம்பாய்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கி, பிறகு நாடறிந்த கடத்தல்காரரான ஹாஜி மஸ்தான் அந்தச் சட்டத்தின் காலத்தில் வளர்ந்தவர். 1974இல் காஃபிபோசா வந்தது. விசாரணை இல்லாமல் ஆட்களை உள்ளே வைக்க அதிகாரம் கொடுத்தது. தங்கம் வந்துகொண்டேதான் இருந்தது. 1990இல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டு, அடுத்த சில ஆண்டுகளில் முறையான இறக்குமதிக்கு வழி திறந்தபிறகுதான் பழைய கடத்தல் கூட்டங்களின் பிடி தளர்ந்தது.

பாடத்தை அரசு மறந்துபோனது. 2012 தொடக்கத்தில் 2 சதவீதமாக இருந்த தங்க இறக்குமதி வரி, 2013 ஆகஸ்டில் 10 சதவீதம் ஆனது. 2022 ஜூலையில் 15 சதவீதம். வயிற்றிலும் செருப்பின் அடியிலும் தங்கத்தை வைத்துக்கொண்டு விமானத்தில் வந்திறங்கும் குருவிகள் பெருகினார்கள். மண்டபம் கடலிலும் பொட்டலங்கள் வரத் தொடங்கின. 2024 ஜூலையில் வரி 6 சதவீதமாகக் குறைந்தது.

அந்த மண்டபம் கடலில் நடந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். 2023 பிப்ரவரியில் இலங்கைப் பக்கமிருந்து வந்த ஒரு படகைக் கடலோரக் காவல்படையும் வருவாய்ப் புலனாய்வுத் துறையும் துரத்தின. படகில் இருந்தவர்கள் பொட்டலத்தைத் தண்ணீரில் வீசிவிட்டார்கள். வீசிய இடம் கலங்கல் கடல். அடியில் சேறும் பாசியும். முக்குளிப்போர் இறங்கினார்கள். தேடல் ஒரு நாளில் முடியவில்லை, மறுநாளும் தேடினார்கள். கடைசியில் 17 கிலோவுக்கு மேல் தங்கம் மேலே வந்தது. அதே ஆண்டு கோடையில் இன்னொரு படகு, இன்னொரு பொட்டலம். அதையும் கடலடியிலிருந்து எடுத்தார்கள். பொறுமையும் திறமையும் தேவைப்பட்ட வேலை. செய்தவர்களைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

ஆனால் அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து எனக்கு வேறொரு கடலின் நினைவு விடாமல் வருகிறது. 1996 டிசம்பர் 25, நத்தார் இரவு. சிசிலித் தீவுக்கும் மால்டாவுக்கும் நடுவே கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. யோஹான் என்ற பழைய சரக்குக் கப்பலில் வாரக்கணக்காக அடைபட்டுக் கிடந்த நூற்றுக்கணக்கான இந்தியர்களையும் பாகிஸ்தானியர்களையும் இலங்கைத் தமிழர்களையும், கரைக்குக் கொண்டுபோகிறோம் என்று சொல்லி ஒரு மரப்படகுக்கு மாற்றினார்கள். நூறு பேர் ஏறினாலே திணறும் படகு. அதில் முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள். படகில் தண்ணீர் ஏறியது. கப்பலை நோக்கித் திரும்பியபோது கப்பலோடு மோதி மூழ்கியது. குறைந்தது 283 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் இளைஞர்கள். காணி விற்றும் தங்கைகளின் நகையை அடகு வைத்தும் ஏஜென்சிக்குக் காசு கட்டி வந்தவர்கள்.

பிழைத்தவர்களைக் கப்பல் கிரேக்கக் கரையில் இறக்கிவிட்டது. நடந்ததை அவர்கள் காவலர்களிடம் சொன்னார்கள், நிருபர்களிடம் சொன்னார்கள். ஆதாரம் இல்லை என்றது இத்தாலி. உடல்கள் எங்கே என்றார்கள். உடல்கள் சிசிலியின் போர்ட்டோபாலோ என்ற மீனவ ஊரின் வலைகளில் இருந்தன. அந்த ஊர் மீனவர்கள் மாதக்கணக்கில் மீனோடு சேர்த்து மனித உடல்களையும் இழுத்தார்கள். கரைக்குக் கொண்டுவந்தால் விசாரணை நடக்கும், படகைப் பிடித்துவைப்பார்கள், தொழில் நிற்கும் என்று பயந்து திரும்பக் கடலில் போட்டார்கள். ஐந்து ஆண்டுகள் ஊரே அதை அறிந்திருந்தது, ஊரே வாய் திறக்கவில்லை. 2001இல் சல்வத்தோரே லூப்போ என்ற மீனவரின் வலையில் ஒரு துணியும் அதனோடு ஒரு அடையாள அட்டையும் சிக்கின. இலங்கை அரசு கொடுத்த அட்டை. பதினேழு வயதுத் தமிழ்ப் பையனுடையது. உறை போட்டிருந்ததால் உப்புநீரில் ஐந்தாண்டு கிடந்தும் முகம் அழியவில்லை. லூப்போ அதை ஜொவான்னி மரியா பெல்லு என்ற பத்திரிகையாளரிடம் ஒப்படைத்தார். பெல்லுவின் முயற்சியில் ஆளில்லாக் கருவி ஒன்றைக் கடலுக்குள் இறக்கிப் படம் எடுத்தார்கள். நூறு மீட்டருக்கும் கீழே படகு கிடந்தது, உள்ளே எலும்புகளோடும் துணிகளோடும். ஊரில் லூப்போவைத்தான் ஒதுக்கினார்கள். எலும்புகளையாவது மேலே எடுத்துத் தாருங்கள் என்ற கோரிக்கை இன்றுவரை நிறைவேறவில்லை.

17 கிலோ உலோகத்தைத் தேடி முக்குளிப்பவர்களை இறக்க ஓர் அரசால் உடனே முடிகிறது. 283 மனிதர்கள் அடியில் கிடக்கிறார்கள் என்று கண்ணால் கண்டவர்கள் சொல்லியும் வேறோர் அரசு ஐந்து ஆண்டுகள் அசையவில்லை. இரண்டும் வேறு வேறு நாடுகள், வேறு வேறு காலங்கள் என்று ஒருவர் சொல்லலாம். நாடுகளை மாற்றிப்போட்டுப் பாருங்கள், விடை மாறாது என்று நான் நினைக்கிறேன். எல்லைகளைக் காக்கும் சட்டங்களும் கருவிகளும் சரக்கை மனத்தில் வைத்து உருவானவை. சரக்குக்கு எடை உண்டு, வரி உண்டு, பறிமுதல் உண்டு, ஏலம் உண்டு. மனிதன் அந்தக் கணக்கில் வரும்போது மட்டும் எந்தப் பத்தியில் எழுதுவது என்று தெரியாமல் அதிகாரிகள் கைபிசைகிறார்கள்.

இதை நம் கடலிலேயே பார்க்கலாம். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே முப்பது கிலோமீட்டர்கூடத் தேறாது. 1914இல் பாம்பன் பாலம் திறந்தபின் எழும்பூரில் ரயிலேறியவர் தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயிலேறிக் கொழும்பில் இறங்கினார். போட் மெயில் என்று தாத்தாக்கள் பேசிக்கொண்டிருந்தது அதைத்தான். அதற்கு முன்பும், தோட்டங்களுக்குக் கூலியாட்கள் தேவைப்பட்ட காலமெல்லாம், இந்தக் கடலைத் தாண்டச் சொல்லித் தமிழ்நாட்டுக் கிராமங்களில் கங்காணிகள் ஆள் சேர்த்தார்கள். பின்னாளில் மண்டபத்தில் முகாம் அமைத்து, தடுப்பூசி போட்டு, கூட்டங்கூட்டமாக ஏற்றி அனுப்பினார்கள். அப்போது யாரும் அதைக் குற்றம் என்று சொல்லவில்லை. கோப்பிக்கும் தேயிலைக்கும் கைகள் தேவைப்பட்டன.

1948இல் இலங்கை சுதந்திரம் அடைந்த ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டம் வந்தது. மலையகத் தமிழர்கள் பெரும்பாலோர் நாடற்றவர்கள் ஆனார்கள். குடிவரவுச் சட்டமும் அதே ஆண்டில் வந்தது. அதன்பிறகு, தாத்தா போய்வந்த அதே வழியில் பெண்டாட்டி பிள்ளைகளைப் பார்க்கப் போன பேரன் கள்ளத்தோணி ஆனான். 1952இல் கள்ளக் குடியேறிகளைப் பிடிக்க இலங்கை ராணுவமும் கடற்படையும் ஒரு நடவடிக்கையைத் தொடங்கின. 1963இல் அது தனிப் படைப்பிரிவாகவே ஆகி, 1981 வரை வடக்குக் கரைகளைக் காத்தது. மன்னார்க் காடுகளில் பிடிபட்டவர்களில் பலர் ஒரு வேட்டியும் தோள்பையுமாக வந்த ஏழைகள். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சமுள்ள 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று எழுதினார்கள். அந்த மிச்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். யாரிடமும் எங்கே வாழ விரும்புகிறாய் என்று கேட்காமலே எண்ணிக்கை முடிவாகிவிட்டது. அட்டைக்கும் தங்கத்துக்கும் போடும் கணக்கை மனிதர்களுக்குப் போட்ட ஒப்பந்தம் அது. அதை எப்போது படித்தாலும் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

இதே காலத்தில்தான் வல்வெட்டித்துறை கடத்தலுக்குப் பெயர்பெற்றது. அந்த ஊர்க்காரர்கள் பெரிய கடலோடிகள். அவர்கள் கட்டிய அன்னபூரணி என்ற பாய்மரக்கப்பலை ஓர் அமெரிக்கர் வாங்க, அது 1938இல் அத்திலாந்திக்கைக் கடந்து மாசாசூசெட்சின் குளோஸ்டர் துறைமுகம் வரை போனது. பர்மாவுக்கும் சோழமண்டலத்துக்கும் அரிசியும் ஓடும் புகையிலையும் ஏற்றிப் போய்வந்த தண்டையல்களின் ஊர் அது. புதிய எல்லைகளும் சுங்கமும் அந்த வணிகத்தைச் சட்டவிரோதமாக்கியபோது, அதே ஆட்கள், அதே காற்றறிவோடு, இரவில் ஓடத் தொடங்கினார்கள். இங்கிருந்து சேலையும் பீடியும் போயின. அங்கிருந்து நைலான் துணியும் கைக்கடிகாரமும் வந்தன. வாடைக்காற்றில் எந்தப் பக்கம் ஒதுங்குவது, சோளகத்தில் எந்த நேரத்தில் கிளம்புவது, எந்தத் தீடையில் ஆழம் குறைவு என்று அவர்களுக்கு அத்துப்படி.

1983 ஜூலை இனக்கலவரத்துக்குப் பிறகு அந்த அறிவுதான் உயிர்களைக் காத்தது. வேதாரண்யத்துக்கும் ராமேஸ்வரத்துக்கும் வந்திறங்கிய குடும்பங்களைக் கொண்டுவந்த ஓட்டிகளில் எத்தனை பேர் முந்தைய ஆண்டு சரக்குக் கடத்தியவர்கள் என்று யாரும் எண்ணியதில்லை. 1983 முதல் 2010 வரை இப்படிக் கடல் தாண்டி வந்தவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல். பெரும்பாலோர் மீன்பிடிப் படகுகளில் வந்தார்கள். பாஸ்போர்ட் இல்லை, விசா இல்லை. கொண்டுவந்தவர்களில் பெரும்பாலோர் காசு வாங்கினார்கள். சிலர் வாங்கவில்லை. சிலர் நகையைக் கழற்றச் சொன்னார்கள். சில படகுகள் கவிழ்ந்தன.

அகதி முகாம் ஒன்றில் ஓர் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். 1990இல் மன்னாரின் பேசாலைப் பக்கமிருந்து இரண்டு பிள்ளைகளோடு வந்தவர். படகுக்காரர் எவ்வளவு வாங்கினார் என்று கேட்டேன். என் கேள்வி அவருக்குப் பிடிக்கவில்லை. "காசு வாங்கினவன்தான் தம்பி. என்ர காப்பை வித்துத்தான் குடுத்தனான். ஆனா அவன் எங்களை இறக்கிப்போட்டு ஓடேல்லை. கடைசி ஆள் கரையில கால் வைக்குமட்டும் இடுப்பளவு தண்ணியில நிண்டவன். சின்னவளைத் தோளில தூக்கிக்கொண்டு வந்ததும் அவன்தான்." இப்படிச் சொல்லிவிட்டு, தேத்தண்ணி ஆறுகிறது என்றார். படகுக்காரரை அளக்க அவரிடம் ஒரே ஒரு அளவுகோல் இருந்தது. அதைவிட நல்ல அளவுகோலை நான் எந்தச் சட்டப் புத்தகத்திலும் பார்க்கவில்லை.

அந்த அளவுகோலால் பார்த்தால், முப்பது ஆண்டு கழித்து நடந்தது வேறு மாதிரி. 2022இல் இலங்கையின் பொருளாதாரம் சரிந்தது. எரிவாயு இல்லை, மருந்து இல்லை, பால்மா இல்லை. மார்ச் 22 அன்று முதல் குடும்பங்கள் வந்தன. கைக்குழந்தை ஒன்றும் அவர்களோடு இருந்தது. அவர்களைப் படகுக்காரர் கரையில் இறக்கவில்லை. அரிச்சல்முனைக்கு அப்பால் ராமர் பாலத்தை ஒட்டி வரிசையாகக் கிடக்கும் மணல் தீடைகள் ஒன்றில் இறக்கிவிட்டு, இதுதான் இந்தியா, கொஞ்ச நேரத்தில் ஆள் வரும் என்று சொல்லி இருட்டில் திரும்பிப் போய்விட்டார்.

தீடை என்றால் என்னவென்று கரையில் நின்று பார்ப்பவருக்குத் தெரியாது. சில ஆயிரம் அடி நீளத்துக்கு வெறும் மணல். மரம் இல்லை, புதர்கூட இல்லை. குடிக்கத் தண்ணீர் இல்லை. காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் ஏற்ப மணல் இடம் மாறும். சித்திரை வெயிலில் காலையிலேயே மணல் சுடும். அங்கே இருக்கிறோம் என்று யாருக்கும் தெரிவிக்கக் கைபேசியில் சிக்னல் கிடைத்தால் உண்டு. மீன்பிடிக்கப் போகிற யாராவது பார்த்துச் சொன்னால் கடலோரக் காவல்படையின் ஹோவர்கிராஃப்ட் வரும். அடுத்தடுத்த மாதங்களில் இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இப்படி வந்தார்கள். ஜூன் மாதத்தில் தனுஷ்கோடிக் கரை மணலில் மயங்கிக் கிடந்த ஒரு முதிய தம்பதியை மீட்டார்கள். மூதாட்டி சில நாள்களில் மருத்துவமனையில் இறந்துபோனார். தாகமும் வெயிலும் அந்த உடம்பால் தாங்கக் கூடியவையாக இல்லை.

படகுக்காரர் ஏன் தீடையோடு நிறுத்தினார்? கரைவரை வந்தால் பிடிபடுவார், படகு போகும், சிறை நிச்சயம். ரோந்து நெருக்கமாக ஆக ஆக, நின்று இறக்கிவிடுகிற ஆட்கள் இந்தத் தொழிலை விட்டுப் போகிறார்கள். வீசிவிட்டு ஓடத் துணிந்தவர்கள் மட்டும் மிஞ்சுகிறார்கள். துரத்தல் வரும்போது தங்கப் பொட்டலத்தைத் தண்ணீரில் எறிவதும், ஆட்களைத் தீடையில் எறிவதும் ஒரே கணக்கில்தான் நடக்கின்றன. கெடுபிடி கூடினால் வருகை குறையும் என்று சொல்பவர்கள், வருகிறவர் எந்தக் கைகளில் விழுகிறார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கனடா இதை ஒருமுறை யோசித்துப் பார்த்தது. 2010 ஆகஸ்டில் சன் சீ என்ற கப்பல் 492 இலங்கைத் தமிழர்களோடு பிரிட்டிஷ் கொலம்பியாக் கரைக்கு வந்தது. தாய்லாந்துப் பக்கமிருந்து கிளம்பிய கப்பல். ஒருவர் வழியில் இறந்திருந்தார். ஆட்களை மாதக்கணக்கில் சிறையில் வைத்தார்கள். பயணிகளில் சிலர் மேலேயே ஆள்கடத்தல் குற்றம் சுமத்தினார்கள். என்ன செய்திருந்தார்கள்? கப்பலின் தாய்லாந்து மாலுமிகள் கைவிட்டுப் போனபிறகு, என்ஜின் அறையில் முறைவைத்து வேலை பார்த்திருந்தார் ஒருவர். இன்னொருவர் சமைத்தார், காவல் பார்த்தார். கப்பல் ஓடாவிட்டால் எல்லோரும் சாக வேண்டியதுதான். 2015 நவம்பர் 27 அன்று கனடாவின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குடும்பத்தாருக்கு உதவுவதும், ஒரே படகில் தப்பி வருபவர்கள் ஒருவருக்கொருவர் உதவுவதும், மனிதாபிமானத்தால் கைகொடுப்பதும் கடத்தல் ஆகாது. நாடுகடந்த குற்றக் கூட்டங்களோடு சேர்ந்து பணலாபத்துக்காகச் செய்வதுதான் குற்றம் என்று வரையறுத்தது. அந்த அம்மா இடுப்பளவு தண்ணீரில் கண்ட வேறுபாட்டை ஒரு நீதிமன்றம் சட்டத்தின் மொழியில் எழுத முயன்றது. முழுவதும் சரியாக எழுதிவிட்டது என்று சொல்ல மாட்டேன். காசு வாங்கியும் காப்பாற்றியவர் அந்த வரையறையில் எங்கே நிற்பார் என்பதை ஒவ்வொரு வழக்கிலும் தனியாகத்தான் பார்க்க வேண்டியிருக்கும். ஆனால் பார்ப்பதற்கு அங்கே ஒரு சட்டம் இருக்கிறது.

நம்மிடம் அது இல்லை. 1951இன் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை, இலங்கையும் இடவில்லை. உயிருக்குப் பயந்து அனுமதியின்றி எல்லை கடந்து வருகிறவரை, அப்படிக் கடந்ததற்காகத் தண்டிக்கக் கூடாது என்று அந்த உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு சொல்கிறது. நம் சட்டத்தில் அகதி என்று ஒரு வகையே கிடையாது. வெளிநாட்டவர் உண்டு, சட்டவிரோதமாக வந்தவர் உண்டு. 2022 மார்ச்சில் முதலில் வந்தவர்களைப் புழல் சிறைக்குத்தான் அனுப்பினார்கள். மாநில அரசு தலையிட்ட பிறகு மண்டபம் முகாமுக்குக் கொண்டுவந்தார்கள். தமிழ்நாட்டு முகாம்களை 2021இல் மறுவாழ்வு முகாம்கள் என்று பெயர் மாற்றி, வீடுகள் கட்டிக்கொடுக்கத் தொடங்கியது மாநில அரசு. நல்ல காரியம். ஆனால் முகாமில் பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே கல்யாணம் கட்டி, இலங்கையைக் கண்ணால் பார்த்திராத முப்பது வயதுக்காரர் சட்டப்படி இன்னும் வெளிநாட்டவர்தான். 2019இன் குடியுரிமைத் திருத்தத்திலும் அவருக்கு இடமில்லை.

2025 செப்டம்பரில் புதிய குடிவரவு, வெளிநாட்டவர் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதனோடு ஒரு விலக்கு ஆணையும் வந்தது. ஆப்கானிஸ்தான், வங்கதேசம், பாகிஸ்தான் நாடுகளிலிருந்து மதத் துன்புறுத்தலுக்கு அஞ்சி வந்த இந்து, சீக்கிய, பௌத்த, சமண, பார்சி, கிறித்தவர்கள் 2024 டிசம்பர் 31 வரை வந்திருந்தால், பாஸ்போர்ட், விசா இல்லாததற்காகத் தண்டனை இல்லை என்றது ஆணை. பதிவுசெய்த இலங்கைத் தமிழ் அகதிகளுக்கும் அந்த விலக்கு உண்டு. ஆனால் அவர்களுக்கு வைத்த கடைசித் தேதி 2015 ஜனவரி 9. தீடைகளில் இறக்கிவிடப்பட்டவர்கள் வந்தது 2022இல். ஆணையில் அவர்கள் இல்லை.